பேய்க்குக் கடைசிப் பந்தி

பேயாக நடிக்கிறவனுக்கு ஷூட்டிங்கில் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு; அதையும் கோரைப்பல்லைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே விழுங்க வேண்டும். நான் பூதலூர்ப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். வேலையில்லாத மாதங்களில் யூடியூப் படங்களில் பேய். இதுவரை பதினோரு தடவை செத்திருக்கிறேன். மூஞ்சியைப் பார்த்தே வேஷம் கொடுக்கப்பட்ட மகாஜனங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பவுடர்

செல்போன் கடை ஜமால் பாய்தான் எங்கள் டைரக்டர். நடிக்க வருகிறீர்களா என்று அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு, பவுடர் அப்பிக்கொண்டு போய் நின்றேன். பக்கத்தில் செக்கச்செவேலென்று சதீஷ் உட்கார்ந்திருந்தான், அவன்தான் ஹீரோவாம். வெயிலில் கறுத்த என் முகத்தைப் பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"பவுடரை மட்டும் தொடச்சுட்டு வாங்க, உங்களுக்கு மேக்கப்பே வேணாம்."

வீட்டு விமர்சனம்

என் மனைவி செல்வி என் படம் ஒன்றையும் பார்த்ததில்லை. ஒருநாள் ரோஷம் வந்து ஏன் என்று கேட்டுவிட்டேன். கதவு விழுந்துபோன ஜன்னலுக்குச் சாக்கு கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"நீங்க செத்ததுக்கப்புறம்தானே படத்துலயே வர்றீங்க. உசுரோட வர்ற படம் இருந்தா சொல்லுங்க, வர்றேன்."

அந்த மனிதர்

தஞ்சாவூரில் ஒரு ஃபிலிம் கிளப்பில் பழைய அமெரிக்கத் திகில் படம், கறுப்பு வெள்ளை. பிணம் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ளச் சொல்லிப் பாய் என்னை இழுத்துப் போனார். செத்தவர்கள் எழுந்து வர, ஒரு வீட்டுக்குள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் கறுப்பர். இவர்தான் பேயாகப் போகிறார் என்று காத்திருந்தேன். ஆகவே இல்லை. சுத்தியலை எடுத்து ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிக்கிறார், பயந்து கிடப்பவர்களை அதட்டி வேலை வாங்குகிறார். அவர்தான் ஹீரோ. அவர் நிறத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பர் திகில் படத்துக்குக் கதாநாயகனாக வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று கிளப்காரர் பிறகு எடுத்துச் சொன்னார்.

ஆனால் முடிவில், காப்பாற்ற வந்தவர்களே அவரைப் பேயென்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். வெளியே வந்ததும் அடுத்த படத்தில் நான்தான் ஹீரோ என்று பாயிடம் அடித்துச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"சரிங்க. ஆனா நம்ம படத்துலயும் கடைசியில உங்களச் சுட்டுருவோம்."

பந்தி மாறியது

சாக மாட்டேன் என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன். செல்வி போட்ட நிபந்தனையைச் சொன்ன பிறகுதான் பாய் இறங்கி வந்தார், அவரும் குடும்பஸ்தர்தானே. மூடிக் கிடந்த ரைஸ்மில்லில் ஷூட்டிங். ஜன்னலில் தார்ப்பாய் கட்டிப் பகலை இரவாக்கினார்கள். இந்தத் தடவை பேய்கள் வெள்ளையாக இருக்கட்டும் என்று பாய் முடிவு செய்ய, சதீஷ் முகத்தில் அரிசி மாவு ஏறியது.

மத்தியானம் பழக்கதோஷத்தில் கடைசிப் பந்திக்காக ஓரமாக நின்றேன். பரிமாறுகிறவர் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. கடைசிப் பந்திக்குச் சதீஷ் வந்து பிரியாணியோடு போராடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பல்லோட எப்படிண்ணே இத்தனை வருஷம் சாப்பிட்டீங்க?"

உயிரோடு

திருவையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டோம். செல்வி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். நான் ஜன்னலுக்குப் பலகை அடிக்கும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பேய்களெல்லாம் ஒழிந்து, விடியலில் வாய்க்கால் கரையில் நான் உயிரோடு நடந்து போக, மண்டபமே கைதட்டியது. எனக்குக் கால் தரையில் இல்லை. பைக்கில் காவிரிப் பாலம் தாண்டும்போது செல்வி என் தோளில் கை வைத்தாள்.

"உசுரோட வந்துட்டீங்க, அது போதும். நாளைக்கு நம்ம வீட்டு ஜன்னலுக்கும் அதே மாதிரி நாலு பலகை அடிச்சுக் குடுங்க."

பேயாக இருந்த காலத்தில் என்னிடம் யாரும் ஒரு வேலை சொன்னதில்லை என்பதை, ஹீரோ ஆசையில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.