தனபாக்கியத்தின் பாதி வயல்

பௌர்ணமியன்று காலை தனபாக்கியத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, ஆன்ட்டி." செங்கம் சாலையில் அதற்குள் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் வீடு இருந்த வேங்கிக்கால் வரை வர எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. பாதி வழி கூட்டத்தோடு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துப் போயிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்ட ஈரம் மட்டும் இருந்தது.

மண் பரிசோதனை நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய கண்டிப்பை மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது முதல் நாளே கிடைத்தது. என் கணவர் மறைந்த வருடம், எங்கள் நெல் வயலின் மண் என்று ஒரு பையைக் கொண்டுபோனேன். விரலால் கிளறிப் பார்த்தார். "சருகு கெடக்குது. மரத்தடியில, நிழலா இருக்குதுன்னு எடுத்தீங்களா?" என்றார். உண்மை அதுதான். கோபத்தோடு திரும்பினேன். மறுநாள் சேற்றில் இறங்கிச் சரியாக எடுத்துக் கொடுத்தேன். "இப்பதான் இது வயலு, அக்கா" என்றார்.

விதவையான பிறகு நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். "தப்புக்கா" என்று சொன்னவர் தனபாக்கியம் ஒருவர்தான்.

இந்தப் பருவம் எங்கள் வழக்கு யூரியாவைப் பற்றியது. வேப்பம் பிண்ணாக்கைப் பொடித்து யூரியாவோடு கலந்து வைத்திருந்து போட்டால் குறைந்த உரமே போதும் என்றார். "கடையில் வருவதே வேப்பெண்ணெய் பூசித்தானே வருகிறது, மேலே பிண்ணாக்கு எதற்கு?" என்று கேட்டேன்.

"பந்தியில எல்லாத்தையும் ஒரே வாட்டி எலையில கொட்டினா பாதி குப்பைக்குத்தான் போவும். யூரியாவும் அப்படித்தான். மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்க அத அவசரமா நைட்ரேட்டா மாத்திடும், தண்ணியோட எறங்கிடும். வேம்பு அதுங்க கையப் புடிச்சி நிறுத்துதுக்கா. பயிரு நிதானமாத் துன்னும்."

எனக்கு நிரூபணம் வேண்டும் என்றேன். வரப்பின் ஒரு பக்கம் குத்தகைக்காரர் ஏழுமலையின் வழக்கப்படி முழு யூரியா. மறுபக்கம் தனபாக்கியம் சொன்ன கலவை, அளவு குறைவாக.

வாரம் தவறாமல் இலை வண்ண அட்டையோடு வருவார். பச்சையின் சாயல்கள் வரிசையாக அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை அது; இலை எந்தச் சாயலுக்குக் கீழே வெளுத்தால் உரம் போட வேண்டும் என்று காட்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் உடம்பின் நிழலில் இலையை அட்டைமேல் வைத்து ஒப்பிடுவார். நான் எட்டிப் பார்த்தால், "தள்ளி நில்லுங்க அக்கா, என் நெழலே ஜாஸ்தி" என்பார். எனக்கு ஒருமுறை கூடத் தரவில்லை. "ஆரம்பிச்ச ஆளுதான் முடிக்கணும். கண்ணுக்குக் கண்ணு பச்சை மாறும்." கடைசியாக வந்த அன்று அட்டையை என் கைப்பையில் போட்டுவிட்டு மறந்துபோனார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து வயலுக்குப் போனேன். ஏழுமலை யூரியா வாளியோடு நின்றிருந்தார்.

"ஆபீசரம்மா பக்கம் கொஞ்சம் வெளுத்த மாரி தெரியுதும்மா. ஒரு கை வீசிடட்டா?"

வீசினால் தனபாக்கியத்தின் கணக்கு அங்கேயே தோற்றுவிடும். வீசாமல் பயிர் நொந்தால் நஷ்டம் ஏழுமலைக்கும்தான். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். இலைமேல் என் நிழல் மட்டும் விழுந்தது. தள்ளி நிற்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை. இலையின் பச்சை இரண்டு சாயல்களுக்கு நடுவே நின்றது. தனபாக்கியத்தின் விதிப்படி என் கண் செல்லாது.

"வேண்டாம். கொறஞ்சா நான் ஈடு கட்டறேன்" என்றேன்.

"நீங்கதாம்மா இத நம்பவே மாட்டேன்னு சொல்லினு இருந்தீங்க!"

"இப்பவும் நம்பல. அவங்க பக்கத்துல அவங்க சொன்னதுதான் நடக்கணும்."

ஏழுமலை வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

அறுவடையில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அதைச் சொல்லிச் சண்டை போட எனக்கு ஆளில்லை. தனபாக்கியம் எனக்கு விட்டுப்போனவை ஒரு பச்சை அட்டையும் தீராத ஒரு வழக்கும். வழக்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பாதி வயலையும்தான்.