ஆறாம் வகுப்பு வஜீஹாவின் அம்மா

வஜீஹா புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போனபோது அவளுடைய அம்மாவால் கூடப் போக முடியவில்லை. உம்மே ஹானி அப்போது இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்த பிறகு பெண் வெளியே போகாமல் இருக்கும் அந்த நாலு மாதம் பத்து நாள் கணக்கு முடிய இன்னும் சில நாள் பாக்கி. பள்ளிக்கூடமோ ஜூன் மாதம் யாருக்கும் காத்திராமல் திறந்துவிட்டது. ஹானியின் அண்ணன் பீர் முஹம்மதுதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டு, “உள்ள போ, கேட்டா ஆறாவதுன்னு சொல்லு,” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். லஸ் பக்கம் அவருக்குப் பை, ஜிப் தைக்கிற சின்னக் கடை.

சாயங்காலம் ஹானி கேட்டாள். “எப்பிடிம்மா இருந்துச்சு?”

“நல்லாருந்துச்சு,” என்றாள் பெண்.

அதற்கு மேல் கேட்க ஹானிக்குத் தெம்பு இல்லை. அவள் புருஷன் ஆசிஃப் சிந்தாதிரிப்பேட்டையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை பார்த்தவன். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், மேலே தூக்கிய இரும்புச் சட்டம் மின்கம்பியில் பட்டுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த வஜீஹா, கூட்டத்தைப் பார்த்து, என்னவென்று தெரியாமல் நுழைந்து எட்டிப் பார்த்தாள். கீழே கிடப்பது அத்தா என்று அவளுக்குச் செருப்பை வைத்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் பேச்சு பாதியாகிவிட்டது. பீர் முஹம்மது தங்கையையும் பிள்ளையையும் மயிலாப்பூருக்கு அழைத்து வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையைக் கொடுத்தார்.

இத்தா முடிந்ததும் ஹானி தி.நகர் துணிக்கடையில் தன் பழைய வேலைக்கே திரும்பினாள். இரண்டாம் மாடி, காட்டன் புடவைப் பிரிவு. காலையில் பெண்ணைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ் பிடிப்பாள். கையில் நேரம் இருக்கும்போதெல்லாம் பெண் அங்கே ஒட்டிக்கொள்ள என்னென்ன வழி என்று யோசிப்பாள். அவர்கள் தெருவில் சிந்து என்று அதே பள்ளியில் ஏழாவது படிக்கிற பெண் இருந்தாள். ஹானி அவளைக் கூப்பிட்டு, “சாப்பாட்டு வேளைல இவளையும் கூட வச்சுக்கோம்மா,” என்று கேட்டுக்கொண்டாள். சிந்து இரண்டு நாள் கூப்பிட்டாள். பிறகு தன் தோழிகளோடு போய்விட்டாள். வஜீஹா அதையும் வீட்டில் சொல்லவில்லை.

டிபன் பாக்ஸ் பாதி காலியாகி வரும். தண்ணீர் பாட்டில் கொடுத்தபடியே நிரம்பி வரும். அப்பனை நினைத்து ஏங்குகிறது பிள்ளை என்று ஹானி நினைத்தாள். “போகப் போகப் பழகிடும் ஹானி. பசங்க இன்னா நம்மள மாதிரியா?” என்றார் அண்ணன்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை வழிபாட்டின்போது வஜீஹா மயங்கி விழுந்தாள். பள்ளியிலிருந்து ஹானிக்குப் பல தடவை போன் போயிருக்கிறது. கடையில் வேலைக்கு வந்ததும் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். அவள் பதறி ஓடி வந்தபோது பள்ளி ஆபீஸ் அறை பெஞ்சில் பெண் சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பாவாடை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. பெஞ்சைச் சுற்றி யாரோ நியூஸ்பேப்பர் விரித்திருந்தார்கள்.

ஆட்டோவில் ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரை ஏறிவிட்டது என்றார்கள். படுக்கையில் சேர்த்து ஊசி போட்டார்கள். மறுநாள் காய்ச்சல் சற்று இறங்கியதும் டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

“பாப்பா, ஸ்கூல்ல பாத்ரூம் எத்தனை தடவை போவ?”

வஜீஹா போர்வை நுனியைத் திருகினாள்.

“ஒரு தடவை?”

“போறதே இல்ல.”

“காலைல வீட்ல போயிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவியா?”

தலையாட்டினாள்.

“ஏன்டி?” என்றாள் ஹானி. குரல் அவளை மீறிப் பெரிதாக வந்தது. டாக்டரம்மா அவளைக் கையமர்த்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதல் வாரம் போயிருக்கிறாள். அங்கே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எட்டாவது படிக்கிற பெண்கள் சிலர் சேர்ந்து தள்ளித் திறந்துவிட்டார்கள். எழுந்திருக்கக்கூட முடியவில்லை. எல்லாரும் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வராந்தாவில் அவளைப் பார்த்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் போடுவார்கள். அவள் வகுப்புப் பெண்களுக்கும் அது பழகிவிட்டது.

“தண்ணியாவது குடிச்சிருக்கலாம்ல?”

“குடிச்சா போவணும்ல?” என்றாள் வஜீஹா. பிறகு அம்மா முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். “நீயும் கடைல குடிக்க மாட்டேன்னு சொல்லுவியே. பழகிட்டா ஒண்ணும் ஆவாதுன்னு.”

ஹானி அப்படிச் சொன்னது உண்மைதான். சொன்னது பிள்ளையிடம்கூட இல்லை. எப்போதோ ஆசிஃபிடம். கடையில் பாத்ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, படியிறங்கி, ஓடி வர வேண்டும். பண்டிகைச் சமயத்தில் அதுவும் நடக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பிள்ளை எங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் தலைமையாசிரியை சரோஜாதேவியைப் பார்க்கப் போனாள். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு எதிரே களைத்துப்போன ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

“உங்க பொண்ணுக்கு நடந்தது தப்புதான். அந்தப் பொண்ணுங்களைக் கூப்பிட்டுக் கண்டிச்சுட்டேன்,” என்றார் அவர். “ஆனா நான் இன்னொண்ணும் சொல்லணும். ஆயா போன வருஷமே நின்னுட்டாங்க. விசாரிக்காத இடமில்ல. வர்றவங்க அந்தப் பாத்ரூமைப் பாத்துட்டு மறுநாள் வர்றதில்ல. தாழ்ப்பாள் வச்சா ஒரு மாசத்துல பிடுங்கிடுதுங்க. நான் என்ன செய்யட்டும்?”

ஹானி அந்தப் பாத்ரூமைப் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கினாள். இத்தனை பெண்கள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளை மட்டுமா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது.

வந்த ஞாயிற்றுக்கிழமை புதுத் தாழ்ப்பாள்களோடு ஆசிஃபின் டிரில் மெஷினையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். புருஷன் செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிர கையில் பிடித்ததில்லை. முதல் கதவில் ஓட்டை கோணலாக விழுந்தது. இரண்டாவதில் பரவாயில்லை. வாட்ச்மேன் வேலு சும்மா கூட நின்றார். எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டு முடித்ததும், பிளீச்சிங் பவுடர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அன்று மாலை வரை தேய்த்தாள். வாந்தி வந்தது. எடுத்துவிட்டு வந்து மறுபடி தேய்த்தாள்.

திங்கட்கிழமை சரோஜாதேவியிடம் போய், “அந்த ஆயா வேலைய எனக்குத் தாங்க,” என்றாள்.

பீர் முஹம்மதுக்கு இது தெரிந்தபோது வீட்டில் பெரிய ரகளை.

“இன்னா ஹானி, புத்தி கெட்டுப்போச்சா? ஏசி கடைல நின்னுகினு இருந்தவ, போய் கக்கூஸ் கழுவப் போறியா? ஜமாஅத்துல நாலு பேர் என்னைக் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

“உங்க மருமவப்பொண்ணு ஒண்ணுக்குப் போக பயந்து கிட்னி கெட்டுப்போய்ப் படுத்திருந்தான்னு சொல்லுங்கண்ணே.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரொம்ப நாள் அவள் அறைப் பக்கம் வரவில்லை. ஆனால் பிள்ளைக்கு மட்டும் பழம் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

வஜீஹா உடம்பு தேறிப் பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கு முந்தைய சாயங்காலம், ஹானி விஷயத்தைச் சொன்னாள். பெண் சந்தோஷப்படும் என்று நினைத்திருந்தாள். வஜீஹாவின் முகம் வெளுத்தது.

“அங்கியாம்மா?”

“ஆமாம். இனிமே யாரும் கதவைத் தள்ள மாட்டாங்க. நான் வெளிய நிப்பேன்.”

வஜீஹா யோசித்தாள். “ஸ்கூல்ல என்கிட்ட பேசாதம்மா. நீ எங்கம்மான்னு யாருக்கும் தெரிய வேணாம்.”

ஹானி அவள் சீருடையை மடித்து வைத்தாள். “சரி,” என்றாள்.

அப்படியே நடந்தது. காலையில் அவள் முதலில் கிளம்பிவிடுவாள். பெண் பிறகு தனியாக வரும். பள்ளியில் அவள் ‘ஆயா’. ஆறாம் வகுப்பு வரிசையில் வருகிற பெண்களில் ஒருத்தியாக வஜீஹா அவளைக் கடந்து போவாள். பாத்ரூமுக்கு வருவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் வெளியே துடைப்பத்தோடு நிற்கிற ஹானிக்கு மூச்சு சீராகும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இந்த வேலை என்று நினைத்துக்கொள்வாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் போட்ட பெண்களும் வந்து போனார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் கதவு திறக்காமல் உள்ளேயே அழுதுகொண்டிருந்தபோது, ஹானிதான் கதவுக்கு மேலாகத் துணியும் நாப்கினும் நீட்டினாள். அவள்தான் தன் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவள் என்று தெரிந்தேதான் நீட்டினாள். நல்ல மனதோடு நீட்டினாள் என்று சொல்ல முடியாது. கை நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வஜீஹாவுக்குத் தோழிகள் கிடைத்தார்கள். நிலா என்று ஒருத்தி. இன்னும் இரண்டு பேர். வராந்தாவில் அவர்கள் சிரித்துக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது ஹானிக்குப் பண்டிகை மாதிரி இருக்கும். ஒரு நாள் அவள் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நிலா ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏ ஆயா, அறிவு இல்ல? பாத்துத் தொடைக்க மாட்ட?” என்று கத்தினாள்.

பக்கத்தில் வஜீஹா நின்றாள். நிலாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பாவாடையைத் தட்டிவிட்டாள். அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு வீட்டில் வஜீஹா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஹானி ரசம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள்.

இப்படி ஒளித்து வைப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? வஜீஹா ஏழாம் வகுப்புக்குப் போன புதிதில் சிந்து யாரிடமோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அன்று மதியமே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வஜீஹா பையைச் சுவரில் வீசியெறிந்தாள்.

“நீ ஏன் வந்த? கடைலயே இருந்திருக்கலாம்ல? நிலா என் டிபன்ல கை வைக்க மாட்டேங்கறா. நீ கழுவற கையாலதான சமைக்கறன்னு கேக்கறா!”

ஹானி கீழே சிதறிய புத்தகங்களைப் பொறுக்கினாள்.

“வேலைய விட்ரும்மா,” என்றாள் பெண், அழுதுகொண்டே.

“விட்டா யாரு கழுவுவாங்க?”

“யாராவது.”

“அந்த யாராவது வந்திருந்தா நீ ஆஸ்பத்திரில படுத்திருக்க மாட்டியேடி.”

வஜீஹா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. நிலா திரும்பி வரவில்லை. மற்ற இருவரில் ஒருத்தி கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வருடம் எடுத்த ஸ்கேனில் இடது கிட்னி வளர்ச்சி குறைந்திருப்பதாகத் தெரிந்தது. தழும்பு விழுந்த இடம் இனி சரியாகாது, வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஹானி அதைக் கேட்டு முடித்துவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பெற்றோர் கூட்டங்களுக்கு அதுவரை பீர் முஹம்மதுதான் போய்க்கொண்டிருந்தார். காலாண்டுத் தேர்வு முடிந்து வந்த கூட்டத்துக்கு முந்தின நாள் வஜீஹா சொன்னாள். “மாமா வேணாம். நீயே வா.”

“தெரிஞ்சுதாம்மா சொல்ற?”

“எல்லாருக்குந்தான் தெரியுமே.”

ஹானி பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போய் வகுப்பில் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்தாள். தினமும் அவள் பெருக்குகிற அறைதான். அதில் உட்கார்ந்தது அன்றுதான். பக்கத்திலிருந்த நிலாவின் அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சுவரோரம் பிள்ளைகளோடு நின்றிருந்த வஜீஹா அதைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. ஹானி, வராதே என்பது போல லேசாகத் தலையசைத்தாள். வஜீஹா வந்து காலியான இடத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை.

“வஜீஹா பேரண்ட்ஸ்?” என்று டீச்சர் கூப்பிட்டார்.

இருவரும் எழுந்து போனார்கள். கணக்கில் நாற்பத்தொன்று, இன்னும் உழைக்க வேண்டும் என்றார் டீச்சர். சரிங்க என்றாள் ஹானி.