தகரம் மெழுகு குடிக்காது

நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் படித்தவள் நான். தாராவியில் எங்கள் பட்டறையில் தோல் பர்ஸ் செய்கிறோம். வெட்டுவதும் தைப்பதும் வீட்டுக்காரர், மெழுகு தேய்த்து மினுக்குவது நான். செய்த சரக்கை மூட்டையாகக் கட்டிக்கொண்டு காட்கோபருக்கும் சான்பாடாவுக்கும் ரயிலில் இடிபட்டு, தோள்பட்டை இற்றுப்போய்த்தான் ஒரு பழைய காரைப் பிடிவாதமாக வாங்க வைத்தேன். கருநீல வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்கு ஒரு திமிர் வரும், மறைப்பானேன்.

இரண்டே கோடையில் வெயில் குடித்து அதன் மேல்பூச்சு சாம்பல் பூத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு அது போதும். உல்லாஸ்நகரிலிருந்து வண்டி வாங்குகிற ஓர் ஆளை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏட்டி, கூரையில தண்ணி நின்னு துரு புடிச்சிட்டுன்னா பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான். மழைக்கு முன்னால தள்ளிவிட்டிருவோம்” என்றார்.

மெழுகு போட்டால் தண்ணீர் நிற்காது என்றேன். நின்றால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டியது, நிற்காவிட்டால் விற்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

கார் மெழுகு ஒரு டப்பா வாங்கினேன். அதில் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருந்தது. இருபது வருடமாக மெழுகோடு புழங்குகிறவளுக்கு டப்பா என்ன பாடம் சொல்வது? தோலுக்குப் போடுகிற மாதிரியே கை நிறைய அள்ளி, உச்சிவெயிலில் அப்பி, நன்றாகக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சோறாக்கப் போனேன். தோல் மெழுகைக் குடிக்கும். தகரம் குடிக்குமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. தேய்த்தால் வரவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சிரித்தார்கள்.

“பெருநாளைக்கு வெள்ளையடிச்சிருக்கியோ?” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள். பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். நிழலில் போடு, மெல்லிசாகப் போடு, உடனே துடை. அவ்வளவுதான் விஷயம். விடிந்ததும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பந்தலாகக் கட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குப் புது மெழுகைத் தடவினேன். பழைய பொருக்கு இளகியது. துடைப்பதற்கு அவருடைய பழைய கைலியைத்தான் கிழித்தேன். அதைவிட மெதுவான துணி வீட்டில் இல்லை, கொஞ்சம் கோபமும் இருந்தது. இரண்டு நாளும் அதே வேலை. நீலம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலையில் மழையும் அந்த ஆளும் சேர்ந்தே வந்தார்கள். ஒரே குடைக்குள் நானும் வீட்டுக்காரரும் நின்றோம். முதல் துளிகள் விழுந்தன. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி உருண்டை உருண்டையாகத் துள்ளி ஓடின. மழை வலுத்ததும் கூரையிலிருந்து சரம் சரமாக வழிந்து இறங்கியது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு நிற்கவில்லை. என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வந்த ஆள் பானெட்டைத் தடவிப் பார்த்து, புதுப் பெயிண்டா என்று இந்தியில் கேட்டார். கேட்காமலே விலையையும் ஏற்றினார். வீட்டுக்காரரிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“ஓனர் இவதான். இவட்ட கேளுங்க” என்று அவரிடம் இந்தியில் சொன்னார்.

விற்பதாக இல்லையென்று நான் தலையாட்டிவிட்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மறுபக்கம் வந்து கதவைத் திறந்தார். ஏறுவதற்கு முன், கொட்டுகிற மழையில் நின்றபடியே, செருப்பைக் கழற்றிச் சேற்றைத் தட்டினார்.