எர்த் கம்பிக்குப் பதில் நான்

அந்த ஆடியோ இன்டர்ஃபேஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மாட்டுகிற, சோப்பு டப்பா அளவுத் தகரப் பெட்டி. இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து என் புருஷன் ஆன்லைனில் வாங்கினான். கல்யாணங்களில் வாசிக்கிற பாட்டுக் குழுவில் கிடார்காரனாகச் சேர வேண்டும், அதற்கு வீட்டிலேயே வாசித்துப் பாடி ரெக்கார்டு பண்ணி அனுப்ப வேண்டும் என்பது அவன் கனவு.

மாட்டிய அன்றே 'ம்ம்ம்' என்று உறுமியது. மயிலாப்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டு பிளக்கில் எர்த் கிடையாது. லேப்டாப் பேட்டரி செத்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். தூசி துடைக்கத் தற்செயலாகப் பெட்டியைத் தொட்டேன். உறுமல் நின்றது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது.

"தோ, எர்த்து கெடச்சிச்சி! அப்டியே குந்துடி" என்றான்.

அன்றிலிருந்து நான்தான் எர்த். வெறுந்தரையில் உட்கார்ந்து பெட்டிமேல் விரல் வைத்திருக்க வேண்டும். எறும்பு கடிப்பதுபோல் விரலில் சுள்சுள்ளென்று இருக்கும். வளையல் போடக்கூடாது, இருமக்கூடாது. அவன் முனகுகிற மாதிரி பாடுவான். அது எடுபடவில்லை என்று, மைக் சத்தத்தைக் கூட்டுகிற கெயினை ஏற்றினால், பாட்டுக்கு மேல் மழை பெய்வதுபோல் இரைச்சல். அதற்கும் நான்தான் காரணம். "மூச்சு வுடாதடி, கேக்குது" என்பான். முடிந்ததும் ஹெட்போனை என் காதில் மாட்டி, "உறுமுதா பாரு" என்பான். அவன் காதுக்கு அவன் வாசித்தது மட்டும்தான் கேட்கும்.

"உன் கால் கட்டவெரல வெச்சிக்கயேன்" என்றேன் ஒருநாள்.

"இன்னா பேசற நீ? ஆயுத பூஜைக்கு பொட்டு வெச்ச பெட்டிடி. அதுல போய் கால வெக்கச் சொல்ற?"

பெட்டியில் கால் படக்கூடாது. பெண்டாட்டிக்கு ஷாக் அடிக்கலாம்.

அப்போது நான் தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிடும். செல்போனில் கதை படித்துச் சொல்கிற ஒரு கம்பெனி ஆள் எடுக்க, குரலை ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லியிருந்தது. அது கிடைத்தால் உட்கார்ந்து சம்பாதிக்கலாம். சொன்னதும் சிரித்தான்.

"கதையா? உங்கம்மா மாரி வஞ்சரம் வஞ்சரம்னு கூவப்போறியா?"

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். அவளோடு கூவி வளர்ந்த குரல்தான் என்னுடையது.

"ரெக்கார்டு பண்ணணும். செத்த நேரம் பெட்டிய புடியேன்."

"எனக்கு வேற வேல இல்ல?" டீக்கடைக்குப் போய்விட்டான்.

பெட்டியை முறைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கதை படிக்க ஒரு கை போதும். இன்னொரு கையைப் பெட்டிமேல் வைத்தேன். என் தொண்டைக்கு கெயின் அடிமட்டத்தில் இருந்தாலே போதும், இரைச்சலும் இல்லை. அந்தத் தகரத்தின் கோளாறு எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. வேலை கிடைத்தது. துணிக்கடையை விட்டேன்.

கொஞ்ச நாளில் அவனிடமும் ஒரு பாட்டுக் குழு ரெக்கார்டிங் கேட்டது. கடைசி நாள் வரை இழுத்தடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"வாடி, எர்த்து."

"எனக்கு வேல கீது."

"இன்னிக்கு மட்டும்டி. உன் கால்ல வேணா வுழறேன்."

"என் கால் எதுக்கு? உன் கால வை."

அவன் கெஞ்சி அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

துண்டால் பெட்டிமேல் இருந்த குங்குமத்தைத் துடைத்தான். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கட்டைவிரலை வைத்து வாசித்தான். ஒரு காலை மடித்துக் கிடாரைத் தாங்கியிருந்தான். மிச்சமிருந்தது தாளம் போட்டே பழகிய கால். அது சும்மா இருக்குமா? பெட்டியை விட்டு எழும்பி எழும்பி இறங்கியது.

முடித்ததும் ஹெட்போனை நீட்டினான். மாட்டிக் கேட்டேன். அவன் தாளத்துக்குச் சரியாக உறுமல் வந்து வந்து போனது.

"உறுமுதா?"

"சுத்தமா கீது. அனுப்பு" என்றேன்.