வெட்டுப்பட்ட ‘ஆ’

எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக் குழாய்களில் அந்தப் பொங்கலுக்கு முன் மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லை. பகாவ் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைக் குழாயில் போத்தல்களை நிரப்பி, மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவேன். அம்மா அதில்தான் சோறாக்கினாள்.

அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எஸ்டேட் மேனேஜர்தான் விருந்தினர். என்னைக் கவிதை வாசிக்கச் சொன்னார்கள். வாழ்த்துப்பா மாதிரி எழுதி, ஒவ்வோர் அடியையும் கேள்வியில் நிறுத்தினேன். ‘எங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா? எங்கள் பிள்ளைகள் குளித்துப் பள்ளிக்குப் போகிறார்களா? ஐயா நலமாக இருக்கிறாரா?’

விழாவன்று காலையில் அச்சடித்த விழா மலர் கைக்கு வந்தது. என் பெயருக்கு மேலே, ‘தண்ணீர் வருகிறது. குளித்துப் போகிறார்கள். ஐயா நலமாக இருக்கிறார்.’

விழாக்குழுத் தலைவர் பழைய கிராணி. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, இப்போது டவுனில் இருக்கிறார். நேராக அவரிடம் போனேன்.

“யாரண்ணே இத மாத்துனது?”

“வந்தவங்கள உக்கார வெச்சி கேள்வி கேக்குறது நல்லா இல்ல லா. ‘ஆ’ மட்டுந்தாம்மா எடுத்தேன். கவித அப்படியேதான இருக்கு.”

மலரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

மேடையில் அவர் அச்சடித்ததையே வாசித்தேன், ஓர் எழுத்துகூட மாற்றாமல். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற குரலில், “தண்ணீர் வருகிறது” என்று சொல்லி நிறுத்தி, மேனேஜரைப் பார்த்தேன். பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். “குளித்துப் போகிறார்கள்” என்றதும் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாத மேனேஜர் தலைவரிடம் குனிந்து என்னவென்று கேட்டார். “மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்” என்று தலைவர் மலாய் மொழியில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

அதற்குமேல் கவிதை ஓடவில்லை. மலரை மூடிவிட்டு, மலாயிலேயே மேனேஜரிடம் சொன்னேன். “தண்ணீர் இல்லை, துவான். மூன்று வாரம் ஆகிறது.”

“தெரியுமே,” என்றார் அவர், சாதாரணமாக.

அவருக்குத் தெரியாது, தெரிந்தால் வெட்கப்படுவார் என்று நினைத்துத்தான் அத்தனை வரிகளையும் எழுதியிருந்தேன். பின்வரிசையில், எஸ்டேட்டில் களைக்கு மருந்து தெளிக்கிற வேலை செய்யும் அக்கா ஒருத்தி எழுந்தாள். கத்தவில்லை.

“தெரிஞ்சிதான் பொங்கல் சாப்பிட வந்தீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை. அந்தக் குரலுக்கு அது தேவைப்படவில்லை. மேனேஜர் முகம் சிவந்து, கையிலிருந்த பொங்கல் தட்டைக் கீழே வைத்தார்.

“எஸ்டேட் மானத்தையே வாங்கிட்டியேம்மா,” என்றார் தலைவர் வாசலில். மானம் போனது எப்போது என்று அவரிடம் கேட்டேன்.

நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. கவிதை வேலை செய்துவிட்டது என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான்கே நாளில் முடிகிற வேலை அது.