வேலுப்பிள்ளை அண்ணரின் குரல்

போன கிழமை ஓர்ஸ் ஹில்லில் ஒரு கடையில் மனைவி தயிர் வாங்கினாள். பிளாஸ்டிக் கோப்பை. மூடியைக் கிழித்ததும் நான் மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன். "என்னப்பா மணக்கிறியள்? பழுதாப்போச்சோ?" என்றாள். பழுதாகவில்லை, புகை மணம் இல்லை, அவ்வளவுதான். நான் முதல் வேலைக்குப் போன நாட்களில் ஈச்சிலம்பற்றுத் தயிரில் விறகுப் புகை மணக்கும். ராசமணி அக்காவின் குசினிப் புகை அது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்புவழிபுரத்தை விட்டு வெளியே தங்கிப் பழகாத கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ராசமணி அக்கா வீட்டில் தங்க ஓர் அறை தந்தார்கள். அவரின் கணவர் வேலுப்பிள்ளை அண்ணர் எருமைப் பட்டிக்காரர். பின்னேரத்தில் காட்டோரம் நின்று ஒரு குரல் கொடுப்பார். தாழத் தொடங்கி, மேலே ஏறி, சட்டென்று நின்றுவிடும். அங்கே பட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல். தன் ஆளின் குரலுக்குத்தான் எருமை வரும். நானும் ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். எருமைகள் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் வந்தது. அண்ணர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த மாரிக்கு முன் ஒருநாள், எருமைகள் தாமாகவே வீடு வந்தன. அண்ணர் வரவில்லை.

மூன்றாம் நாள் ஊர் ஆட்களோடு நானும் காட்டுக்குள் போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சத்தம் அதிக தூரம் போகாது என்று, அண்ணரின் தம்பி அண்ணரின் குரலையே கொடுத்துக்கொண்டு நடந்தார். மத்தியானம்போல, தூரத்திலிருந்து பதில் வந்தது. அதே குரல். தாழத் தொடங்கி, மேலே ஏறி, சட்டென்று நின்றது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணன்தான்! மாஸ்டர், சைக்கிள்ல போய் அண்ணியிட்ட சொல்லுங்கோ!"

பறந்து போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் யாருக்கும் அப்படியொரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. அக்கா உடனே எழும்பிக் குசினிக்குள் போனார். பெரிய பானையை எடுத்து, தேடிப்போன எல்லோருக்குமாக உலை வைத்தார்.

பொழுது சாயத் திரும்பிய ஆட்களோடு கிண்ணியாக் காசிம் காக்காவும் வந்தார். அண்ணரோடு பல வருஷம் ஒரே காட்டில் எருமை மேய்த்தவர். கூட்டாளியின் குரல் அவருக்கு மனப்பாடம். செய்தி கேள்விப்பட்டு, மறுபக்கத்தால் தன் ஆட்களோடு தேடி வந்திருக்கிறார், அதே குரலைக் கொடுத்துக்கொண்டு. எங்கள் குரல் கேட்டு அவர் ஓடி வர, அவர் குரல் கேட்டு இவர்கள் ஓட, இரண்டு பக்கமும் ஒரு குளக்கட்டில் சந்தித்திருக்கிறார்கள். காக்கா கேட்ட முதல் கேள்வி, "வேலு எங்க?"

முற்றத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல செய்தி கொண்டுபோனவன் நான்தானே. குசினிக்குள் போய்ச் சொன்னேன். அக்கா அகப்பையை வைக்கவில்லை. "எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்கோ. காலமை தொடக்கம் நடந்தனீங்கள்" என்றார். காசிம் காக்கா ஒரு வாய் வைத்தார். பிறகு ஏலாமல் கையைக் கழுவிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள். யானை என்றார்கள், முதலை என்றார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி வேறும் சொன்னார்கள். ஆள் காணாமற்போக அந்த நாட்களில் ஒரு காரணம் மட்டும் இருக்கவில்லை. அவர் உடுத்துப்போன சாரத்தின் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

நான் அங்கே நாலு வருஷம் இருந்தேன். தேத்தண்ணி தரும்போது அக்கா இடைக்கிடை கேட்பார், "மாஸ்டர், அண்டைக்குக் கேட்டது ரெண்டு குரலோ, மூண்டோ?"

முதல்தடவை, "ரெண்டுதான் அக்கா" என்றேன். தம்பியின் குரல் ஒன்று, காக்காவின் குரல் ஒன்று; கணக்கு வாத்தியார் அல்லவா, சரியான விடை சொல்லாமல் இருக்க முடியுமா! அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு, "சரியா நினைவில்லை அக்கா" என்று சொல்லப் பழகினேன். இடமாற்றம் கிடைத்துப் புறப்பட்ட அன்றும் கேட்டார். "மூண்டு மாதிரித்தான்" என்றேன். "ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று தலையாட்டினார்.

இப்போது அந்தக் காட்டோரம் வயலாகிவிட்டது. பட்டி விலைப்பட்டுப் போயிற்று. தம்பியும் காசிம் காக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராசமணி அக்கா இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். எத்தனை குரல் என்று கேட்க இனி ஒருவரும் இல்லை. கேட்டால், மூன்று என்று தயங்காமல் சொல்லுவேன்.