நீலச் சீட்டுக்காக ஒரு விண்ணப்பம்

சென்ற மாரியில் என் மனைவி றீற்றாவின் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. சப்பாத்து உரசிய சிறு காயம்தான். ஆனால் அவளுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. புண் ஆறவில்லை. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க நேரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று நோர்வேயின் குரோருட்டில் எங்கள் வீட்டு வாசலில், குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

றீற்றா வாரம் ஒருமுறை போடும் ஊசிமருந்து முன்பு நீலச் சீட்டில் கிடைத்தது. நீலச் சீட்டு என்றால் பெரும்பகுதியை அரசின் காப்புறுதி ஏற்கும். நம் பங்கு ஆண்டு வரம்பைத் தொட்டதும் இலவச அட்டை வரும். பிறகு விதியை மாற்றினார்கள். மலிவான குளிசை, அதாவது மாத்திரை, ஒத்துவராதவர்களுக்கு மட்டுமே இனி அந்த ஊசி நீலச் சீட்டில். அதற்கும் வைத்தியர் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மற்றவர்களுக்கு வெள்ளைச் சீட்டு, முழு விலை.

எனக்கு இது விளங்கவில்லை. மருந்துக் கடையில் இலவச அட்டையை நீட்டினேன். வெள்ளைச் சீட்டுக்கு அது செல்லாது, அதற்குக் கட்டும் பணம் வரம்பிலும் சேராது என்று அங்கே நின்ற பெண் பொறுமையாகச் சொன்னாள். சம்பளத்தில் காப்புறுதிக்குக் கழிப்பது மட்டும் குறையவில்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். நோர்வேயில் முதல் வேலை ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில். கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும், கதைக்கத் தேவையில்லை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவுகிறேன். அங்கும் அப்படித்தான்.

அந்தக் குளிசையை றீற்றா முன்பே எடுத்துப் பார்த்தவள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போய், எழும்ப முடியாமல் கிடந்தாள். எங்கள் வைத்தியர் அம்மா அவளிடம் விசாரித்துத்தான் விண்ணப்பம் அனுப்பினார். ஆனாலும் மறுத்துவிட்டார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. அதன்பின் றீற்றா எனக்குச் சொல்லாமல் ஊசியை ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் விட்டிருக்கிறாள். புண் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தவக்காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரும் எழும்பிய பிறகும் நான் முழங்காலில் இருந்தேன். "ஆண்டவரே, மருந்தைத் தாரும்" என்றுதான் அதுவரை மன்றாடியிருந்தேன். அன்று வேறு சொற்கள் வந்தன. "அவளுக்காக ஒரு வார்த்தை கதைக்க எனக்குத் துணிவு தாரும்." வீட்டுக்கு வந்ததும், அடுத்த முறை வைத்தியரிடம் நானும் வருகிறேன் என்றேன். றீற்றா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கோ. ஆனா அங்கை வந்தும் உங்கடை சப்பாத்தையே பாத்துக்கொண்டு இராதேங்கோ."

அதனால்தான் வைத்தியரிடம் போன அன்று சப்பாத்தைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

குளிசை உங்களை வருத்தியதா என்று அவர் மீண்டும் கேட்டார். றீற்றா தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து ஆட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியர், "அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன முறையும் இப்படித்தான் நடந்திருக்கிறது. றீற்றா ஓம் என்று ஆட்டிய தலையை அவர் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் மறுத்திருக்கிறார்கள்.

"இல்லை," என்றேன் நோர்வேஜிய மொழியில். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவள் ஓம் என்று சொல்கிறாள். எங்கள் ஊரில் இதுதான் ஓம்."

வைத்தியர் திகைத்தார். பிறகு தன் தலையையும் அப்படிச் சாய்த்துப் பார்த்து, "இதுவா?" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து தலையாட்டினோம். மூவரும் சிரித்துவிட்டோம். அதன்பின் வாந்தி, மயக்கம், விட்டுவிட்டுப் போட்ட ஊசி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த உடைந்த மொழியில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் எழுதினார். இன்னொரு விண்ணப்பம் போனது.

குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரத்தில் அனுமதி வந்தது. ஊசி ஒழுங்காக உடம்பில் ஏற, சீனி இறங்கியது. கோடை தொடங்குமுன் புண் காய்ந்தது. விரல் தப்பியது. இறைவனுக்கு நன்றி.

"உந்தக் குரலை இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று றீற்றா இன்னும் என்னைச் சீண்டுகிறாள். போன மாதப் பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டை நான்தான் வாசித்தேன். ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்து முடித்தேன்.

என்னைப்போல் கூச்சத்தோடு பின்வரிசையில் இருப்பவர்களே, உங்கள் பாரம் எதுவானாலும் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். நம்முடைய தலையசைவு மட்டுமே அவருக்குப் போதும், அவர் விளங்கிக்கொள்வார். மனிதருக்கு நாம் வாய் திறந்துதான் சொல்ல வேண்டும். அந்த வாயையும் அவரே திறப்பார்.